சுங்கம் சுலேமாவும் நன்றி சொன்ன பயணியும்

சுலேமா கர்பஹாலைப் பற்றி அர்ஜென்டினாவின் மெந்தோசா பஸ் நிலையத்தில் பல கதைகள் உலவுகின்றன. கணவாய்ச் சாவடியில் நாய் அவளைக் கடித்தது என்பது அவற்றில் ஒன்று. நாய் யாரையும் கடிக்கவில்லை. உட்கார்ந்தது, அவ்வளவுதான். அன்று பஸ்ஸை ஓட்டியவன் நான். என் கண்ணால் பார்த்ததைப் பார்த்தது என்றும், அவள் பிறகு சொன்னதைச் சொன்னது என்றும் பிரித்தே இங்கே எழுதுகிறேன்.

மெந்தோசாவிலிருந்து மலையேறி, சுரங்கப்பாதை வழியாக எல்லை தாண்டி, சிலே நாட்டின் சான் அந்தோனியோ துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் ஏறுகிறவர்களைக் கொண்டுபோய் விடும் பஸ் அது. கோடைக்காலத்தில் மட்டும் ஓடும். அதில் பயணிகளுக்குப் பொறுப்பாக வந்தவள் சுலேமா. மற்ற டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'சுங்கம்'. அவள் காதுபடவே கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

"சுங்கத்துக்காரனாவது சம்பளத்துக்குச் சந்தேகப்படறான். நான் சும்மாவே படறேன்" என்பாள்.

இந்தச் சந்தேகக் குணம் அவளுக்குத் தக்காளி ஆலையில் வந்தது. மெந்தோசாவை ஒட்டிய லாஸ் எராஸில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தை விட்டதும் ஆலையில், ஓடும் பட்டையில் வரும் தக்காளிகளிலிருந்து அழுகலைப் பொறுக்கி எறியும் வேலை. வெளியே அழுகியதை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். தோல் பளபளவென்று இருந்து உள்ளே கெட்டுப்போனதை எடுப்பவள்தான் அங்கே வேலை தெரிந்தவள். "ரொம்ப அழகா இருக்கற தக்காளிய நான் ரெண்டு தடவ அமுக்கிப் பாப்பேன்" என்று சொல்லுவாள். அமுக்கிப் பார்க்காமல் விட்டது அவள் கணவனை மட்டும்தான். எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று தெற்கே நெயுக்கேனுக்குப் போனவன், வார இறுதியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். எந்த வாரம் என்று சொல்லவில்லை. மகள் மரிசோலைத் தனியாகவே வளர்த்தாள். நான் சொல்லப்போகிற வருஷம் மகள் நர்ஸ் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தாள்.

எல்லையில் சிலேக்காரர்கள் பழம், பாலாடைக்கட்டி, இறைச்சி, தேன், விதை, செடி எதையும் உள்ளே விடமாட்டார்கள். தங்கள் தோட்டங்களுக்கு நோய் வந்துவிடக்கூடாது என்று பயம். கொண்டுவந்ததை முன்னாலேயே ஒப்புக்கொண்டு அங்கே வைத்திருக்கும் தொட்டியில் போட்டுவிட்டால் ஒன்றுமில்லை. சோதனையில் அகப்பட்ட பிறகாவது 'என்னுடையது' என்று ஒருவர் சொல்லிவிட்டால், அவரை மட்டும் நிறுத்திக்கொண்டு பஸ்ஸை விட்டுவிடுவார்கள். யாரும் சொல்லாவிட்டால் மொத்த பஸ்ஸும் அங்கேயே நிற்கும்.

அந்த ஜனவரியில் அப்படித்தான் நின்றது. ஒரு பல் மருத்துவர் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைத் தன் தொப்பிக்குள் மறைத்துவைத்து, தொப்பியை இன்னொருவர் இருக்கையில் போட்டுவிட்டார். தொப்பி யாருடையது என்று கேட்டபோது வாயைத் திறக்கவில்லை. அத்தனை பெட்டிகளையும் இறக்கிப் பிரித்தார்கள். நாங்கள் துறைமுகம் போய்ச் சேர்ந்தபோது கப்பலின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. பயணிகள் கரையில் பெட்டிகளோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல் மருத்துவர் எல்லோரையும்விட அதிகமாகக் கத்தினார்.

எங்கள் முதலாளி பியாசா, சுலேமாவைக் கூப்பிட்டு என் முன்னாலேயே சொன்னார்: "இன்னொரு தடவ கப்பல் போச்சுன்னா, அதோட நீயும் போயிடு."

மகளுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருந்தது. சுலேமாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. எங்கள் ஊரில் ஐம்பது வயதுப் பெண்ணைப் புதிதாக வேலைக்கு எடுப்பவர் யாரும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவள் மாத்தே முறையைக் கண்டுபிடித்தாள். மாத்தே எங்கள் ஜனங்களின் கசப்புக் கஷாயம். சுரைக்குடுவையில் இலைத்தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சிக் குடிப்போம். ஊற்றித் தருபவர் ஒருவர். குடுவையும் குழலும் ஒன்றுதான். கை மாறிக்கொண்டே போகும். மாத்தே கைக்கு வந்தால் எங்கள் ஆட்களால் சும்மா குடிக்க முடியாது. கடிக்க ஏதாவது வேண்டும். யாரிடம் என்ன இருக்கிறதோ அது வெளியே வந்துவிடும். "சாப்பாடு ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டால் "இல்லவே இல்ல" என்று தாயின் மேல் ஆணையிடுகிறவர், மாத்தேயைக் கொடுத்தால் தானாகவே பைக்குள் கையை விடுவார். சுலேமா மலையடிவாரத்தில் குடுவையைச் சுற்றுக்கு விடுவாள். கணவாய் வருவதற்குள் அத்தனையையும் தின்று தீர்க்க வைப்பாள். ஜனவரிக்குப் பிறகு ஒரு பயணத்தில்கூட எங்கள் பஸ் நிற்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. அதிகாலையில் ஏறிய பயணிகளில் ஓபர்தி என்று ஒருவர். மெலிந்த, உயரமான ஆள். அந்த வெயில் காலத்தில் சாம்பல் நிறக் கோட்டு. கையில் ஒரு கறுப்புப் பெட்டி, தோல் பளபளப்பாகத் துடைத்திருந்தது. மற்ற பெட்டிகளை நான் கீழே அடுக்கிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டதற்குக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

சுலேமா வந்தாள். "அது கீழ போகணும்ங்க."

"மடியில வெச்சுக்கறேம்மா."

"உள்ள என்ன இருக்கு?"

"என் வேலைக்கான சாமான்."

"என்ன வேலை?"

"கப்பல்ல வேலை."

சுலேமா அவரை ஏற விட்டாள். ஆனால் பயணிகள் எல்லோரும் உட்கார்ந்த பிறகும் படியிலேயே நின்று, அவர் எந்தப் பக்கம் பெட்டியைச் சாய்த்துப் பிடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலையடிவாரத்து ஏரியைத் தாண்டியதும் குடுவை சுற்றுக்குப் போனது. முதலில் அகப்பட்டவர் சான் ரஃபாயேலைச் சேர்ந்த துலியோ. பெரிய தொப்பை, பெரிய குரல். பக்கத்தில் மனைவி நில்தா. இரண்டு உறிஞ்சு உறிஞ்சியதும் துலியோ காலணிப் பைக்குள்ளிருந்து ஒரு முழ நீளத்துக்கு தொத்திறைச்சி ஒன்றை எடுத்தார்.

"எதுவும் இல்லன்னு சொன்னீங்க?" என்றாள் சுலேமா.

"சாப்பாடு இருக்கான்னுதானே கேட்டீங்க? இது நொறுக்குத் தீனி."

"நொறுக்கி முடிங்க. நீங்க என்ன வெச்சிருக்கீங்க நில்தாம்மா?"

நில்தா பெருமூச்சு விட்டு, துவைத்த உள்ளாடைகளுக்கு நடுவிலிருந்து ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை எடுத்தாள். "அக்கா மகளுக்குக் கொண்டு போறேன். அவ கப்பல்ல எங்களோட சேர்ந்துக்குவா."

"அக்கா மகளுக்கு வாசனைய மட்டும் கொண்டு போங்க."

பின்வரிசைகளிலிருந்து பீச் பழங்கள் வந்தன, சீமைமாதுளை அல்வா வந்தது, யாரோ ஒருவர் அவித்த முட்டைகளைக்கூட எடுத்தார். கத்தி கை மாறியது. பஸ் முழுக்கச் சிரிப்பு. கண்ணாடியில் எனக்கு எல்லாம் தெரிந்தது.

குடுவை ஓபர்தியிடம் போனது. அவர் கையை லேசாக உயர்த்தி, "நன்றி" என்றார்.

எங்களிடம் மாத்தே நீட்டுகிறவரிடம் நன்றி சொன்னால், 'வயிறு நிறைந்தது, இனி எனக்கு ஊற்ற வேண்டாம்' என்று பொருள். குடித்து முடித்தவர் சொல்வது அது. ஒரு வாய்கூடக் குடிக்காதவர் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. துலியோ மெல்லுவதை நிறுத்தினார்.

சுலேமா முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பெருசு, அந்த ஆளு சரியில்ல."

"மாத்தே பிடிக்காம இருக்கும்."

"மாத்தே பிடிக்காத அர்ஜென்டினாக்காரனா? எந்த ஊர்ல அப்படி ஒருத்தன் பொறந்தான்?"

"வயித்து வலியா இருக்கலாம்."

"வயித்து வலின்னா வயித்தப் பிடிப்பான். இவன் பொட்டியப் பிடிக்கறான். குடிச்சா கடிக்கணும்னு தோணும். கடிக்கணும்னா திறக்கணும். அதான் குடிக்க மாட்டேங்கறான். என் வித்தையத் தெரிஞ்சு வெச்சிருக்கான்யா."

"உன் வித்தை யாருக்குத் தெரியும்?"

"உனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

வழியில் உஸ்பஷாத்தா என்ற ஊரில் பஸ்ஸை நிறுத்தினேன். அங்கே இறங்கிக் காலை நீட்டிக்கொள்வது வழக்கம். ஆதெலினா என்ற ஒரு பயணிக்கு வளைவுகளில் தலைசுற்றி, வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். அறுபது வயது இருக்கும். ஓய்வு பெற்ற தையல்காரி, முதல் கப்பல் பயணம். சுலேமா வாய்க்கால் கரையில் முளைத்திருந்த மலைப் புதினாவைக் கொத்தாகப் பிடுங்கினாள். ஒரு காம்பைக் கசக்கிக் குடுவையில் போட்டு வெந்நீர் ஊற்றி அவளிடம் கொடுத்தாள். மீதியை இலைத்தூள் டப்பாவில் திணித்து மூடினாள். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். வாசனை ஏறும். இதை நான் நேரில் பார்க்கவில்லை, டயர்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அவள் பிறகு சொன்னது. அவளும் தன் கை என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை. கண் முழுக்க ஓபர்தியின் மேல் இருந்தது.

நான் பார்த்தது, அவள் என்னிடம் ஓடி வந்ததைத்தான்.

"கக்கூசுக்கும் பொட்டியோட போறான்!"

"வெளிய வெச்சா திருடு போகும்னு பயமா இருக்கும்."

"யார் திருடுவா இங்க? நாமதானே இருக்கோம். நம்ம மேல சந்தேகப்படறானா? எவ்வளவு திமிரு பாரு!"

மேலே ஏற ஏற பேச்சும் ஏறியது. விடுமுறைக் காலம். மெந்தோசா மொத்தமும் சிலேக் கடற்கரைக்குப் போகிறது என்று தோன்றும்படி கார்கள் வரிசை கட்டி நின்றன. சுரங்கத்துக்குள் ஊர்ந்து போனோம். ஐந்து மணிக்குக் கப்பலின் படியைத் தூக்கிவிடுவார்கள். சுலேமா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் பின்னால் பார்ப்பதுமாக இருந்தாள். பின்னால் துலியோ தாழ்ந்த குரலில் பேசுவதாக நினைத்துக்கொண்டு பஸ் முழுக்கக் கேட்கப் பேசினார்.

"முழுப் பன்னித் தொடை ஒண்ணு இருக்கு அதுல. அளவு சரியா இருக்கு பாரு."

"உங்களுக்கு எதப் பாத்தாலும் தொடைதான்" என்றாள் நில்தா. "அவன் துப்பறியறவன். எவளோட புருஷன் எவளோட கப்பல் ஏறறான்னு படம் பிடிக்கப் போறான். பொட்டிக்குள்ள கேமரா."

"நான் உன்னோடதானடி ஏறறேன்?"

"அதான் நான் கவலைப்படல. நீங்க ஏன் வேர்க்கறீங்க?"

ஆதெலினா மட்டும், "பாவம், அவர் யாரையும் தொந்தரவு பண்ணலையே" என்றாள். "அதுதாம்மா சந்தேகமா இருக்கு" என்றார் துலியோ.

ஓபர்தி காதில் விழாதவர்போல் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். காது சிவந்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

சோதனைக் கூடத்தின் வாசலில் பெரிய தொட்டி ஒன்று இருக்கிறது. கடைசி வாய்ப்பு அதுதான். அங்கே சுலேமா அவரை வழிமறித்தாள்.

"ஐயா, கடைசியா கேக்கறேன். எதுவா இருந்தாலும் இதுல போட்டுடுங்க. யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க."

"அதுல போடற மாதிரி எங்கிட்ட எதுவும் இல்லம்மா."

"இந்த பஸ்ல உங்களத் தவிர இன்னும் நிறைய பேர் கப்பல் ஏறணும்."

"நானும் ஏறணும்" என்றார் அவர். குரல் நடுங்கியது. அவள் அதையும் குற்றமாக எடுத்துக்கொண்டாள்.

கூடத்துக்குள் நீளமான மேசைகள். கைப்பைகளை நம் முன்னால் வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் நிற்க வேண்டும். சுலேமா வழக்கமாக வரிசையின் கடைசியில் நிற்பாள். அன்று ஓபர்தியின் பக்கத்திலேயே நின்றாள். கறுப்புப் பெட்டிக்கு அருகில், குடுவையும் டப்பாவும் இருந்த தன் மாத்தேப் பையை வைத்தாள். இளம் பெண் ஒருத்தி சீருடையில் நாயோடு வந்தாள். பழுப்பு நாய், பச்சை மேலங்கி. துலியோவின் காலணிப் பையிடம் கொஞ்சம் நின்றது, துலியோ கண்ணை மூடிக்கொண்டார், நாய் நகர்ந்தது. கறுப்புப் பெட்டிக்கு வந்தது. மூக்கை அங்கும் இங்கும் நகர்த்தியது. உட்கார்ந்துவிட்டது.

"நான் சொல்லல?" என்றார் துலியோ.

அதிகாரி பணிவாகத்தான் கேட்டாள். "ஐயா, இது உங்களோடதா? திறக்கறீங்களா?"

ஓபர்தி திறந்தார். உள்ளே ஒரு டிரம்பெட். நீலத் துணியில், குழந்தையைப் படுக்கவைத்ததுபோல. சுலேமா குனிந்து பார்த்தாள்.

"டிரம்பெட்டா?"

"கப்பல்ல இசைக் குழு இருக்கு. ஒருத்தர் நின்னுட்டாரு. அந்த இடத்துக்கு என்னக் கூப்பிட்டிருக்காங்க."

"அத முன்னாடியே சொல்ல என்ன?"

"டிரம்பெட்னு சொன்னா வாசிக்கச் சொல்லுவாங்கம்மா. வழி முழுக்க."

"அப்ப மாத்தே?"

அவர் உதட்டைத் தொட்டுக் காட்டினார். "சூடான குழல். ரெண்டு வருஷம் முன்னால ஒரு தடவ சுட்டுக்கிட்டேன். அந்த சீசன் முழுக்க வேலை போச்சு. இப்ப எங்க அம்மா ஊத்திக் கொடுத்தாலும் குடிக்கறதில்ல."

அதிகாரி டார்ச்சை அடித்து டிரம்பெட்டின் வாய்க்குள் பார்த்தாள். நாய் எழுந்திருக்கவில்லை. "கொஞ்சம் ஊதிக் காட்ட முடியுமா?" என்று கேட்டாள்.

"இந்த மலைக் குளிர்லயா? உதடு இன்னும் பதமாகல. மன்னிக்கணும்."

"ஊதத் தெரியாதவன்கிட்ட எதுக்குய்யா டிரம்பெட்?" என்று துலியோ நில்தாவிடம் கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது.

அதிகாரி பெட்டியின் உள்துணியைத் தடவிப் பார்த்தாள். ஓரத்தில் தையல் பிரிந்து, வேறு நூலால் தைத்திருந்தது. அவள் முகம் மாறியது. "இதப் பிரிச்சுப் பாக்கணும். மேலதிகாரி சாப்பிட்டு வரணும். நேரம் ஆகும்." பிறகு சுலேமாவிடம் திரும்பினாள். "இந்த பஸ்ஸுக்குப் பொறுப்பு நீங்கதானே? யாரோட பொட்டின்னு தெரிஞ்சாச்சு. மத்தவங்களக் கூட்டிட்டு நீங்க கிளம்பலாம். இவர் மட்டும் இருக்கட்டும்."

"அஞ்சு மணிக்குக் கப்பல்ங்க" என்றார் ஓபர்தி.

"புரியுதுங்க. நாய் உக்காந்துடுச்சே."

வரிசையில் இருந்தவர்கள் பைகளை எடுக்கத் தொடங்கினார்கள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த நிமிஷம் கிளம்பினால் கப்பலைப் பிடித்துவிடலாம். சுலேமாவும் தன் மாத்தேப் பையை எடுக்கக் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. பையைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். பிறகு விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். இது நான் பார்த்தது.

அப்போது என்ன நினைத்தாள் என்பது அவள் பிறகு சொன்னது: "நாய் பொட்டியப் பாத்து உக்காரல, பெருசு. ரெண்டுக்கும் நடுவுல உக்காந்திருந்துச்சு. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. பைய எடுத்துத் தோள்ல மாட்டிட்டு வெளிய வந்திருந்தா முடிஞ்சுது. அந்தப் பொண்ணு பொட்டியப் பிரிப்பா, ஒண்ணும் இருக்காது, அவரை விட்டுடுவா, கப்பல் போயிருக்கும். எனக்கு வேலை இருக்கும். பல் டாக்டர் மூஞ்சி ஞாபகம் வந்துடுச்சு. அதான் கெடுத்துச்சு."

அவள் பையை அதிகாரியின் பக்கம் தள்ளினாள். "அந்தப் பொட்டி இல்லம்மா. இது. என்னோடது."

அதிகாரி டப்பாவைத் திறந்து, புதினாக் கொத்தைத் தூக்கினாள். அவசரத்தில் பிடுங்கியதால் வேரோடு வந்திருந்தது. வேரில் ஈர மண். நாய் வாலை ஆட்டியது.

"செடி எதுவும் இல்லன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களே?"

"இது செடி இல்லம்மா. மாத்தே."

"வேர் இருக்கு. மண்ணு இருக்கு."

"மாத்தேல போட்டா அது மாத்தேதானே?" என்றாள் சுலேமா. ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. என்னைக் கேட்டிருந்தாலும், ஆதெலினாவைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம். காலையிலிருந்து ஒவ்வொரு பையையும் மோந்து பார்த்தவள், தான் ஊற்றிக் கொடுத்த டப்பாவைச் சாமான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

துலியோ முன்னால் வந்து அவள் காதில் ஓதினார். "யாரோ உங்க பையில போட்டுட்டாங்கன்னு சொல்லுங்கம்மா. நான் சாட்சி சொல்றேன். பக்கத்துல நின்ன ஆளு யாருன்னு எல்லாருக்கும் தெரியும்."

"நானேதான் போட்டேன். வாய மூடிட்டுப் போய் பஸ்ல உக்காருங்க."

ஆதெலினா அழத் தொடங்கினாள். "எனக்காகப் பறிச்சதுங்க அது. என்னை வெச்சுக்கோங்க, அவங்கள விடுங்க." அதிகாரிக்கும் சங்கடமாக இருந்தது. ஆனால் சட்டம் பொறுப்பாளருக்கும் ஒன்றுதான். சுலேமா வாக்குமூலம் கொடுக்க வேண்டும், அபராதம் போடுவார்கள், மேலதிகாரி வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும். பஸ் போகலாம்.

பஸ் போகலாம் என்றபோதுதான் அவள் முகம் வெளுத்தது. துறைமுகத்தில் பயணிகளின் சீட்டுகளைக் காட்டி, பெயர் சொல்லி ஒவ்வொருவரையும் ஒப்படைக்க வேண்டியவள் அவள். நான் பஸ்ஸை விட்டு இறங்கக் கூடாது; அங்கே அதுதான் விதி. அந்த வேலையை ஒரு பயணியிடம் கொடுத்தாக வேண்டும். வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும் தக்காளிப் பட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"என்கிட்ட கொடுங்க" என்றார் துலியோ.

"உங்ககிட்ட கொடுத்தா தின்னுடுவீங்க."

கடைசியில் பெயர்ப் பட்டியலை நில்தாவிடம் கொடுத்தாள். சீட்டுக் கட்டை ஓபர்தியிடம் கொடுத்தாள். "பேர் இல்லாம சீட்டு செல்லாது. சீட்டு இல்லாம பேர் செல்லாது. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கண்ண எடுக்காமப் பாத்துக்குங்க."

ஓபர்தி பெட்டியை மூடி, அவள் முன்னால் வந்து நின்றார். "நன்றிம்மா" என்றார்.

"குடிக்காமலே நன்றி சொல்றது இது ரெண்டாவது தடவ. போங்க, நேரமாகுது."

நான் பஸ்ஸை வெளியே எடுத்தபோது அவள் கண்ணாடிக்கு உள்ளே நின்று, உதட்டை அசைத்துத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இறக்கத்தில் யாரும் அதிகம் பேசவில்லை. சந்தேகப்படுவதற்கு ஆள் இல்லாமல் போனதால் இருக்கலாம். சிலேப் பக்கம் லாஸ் அந்தெஸ் ஊரைத் தாண்டியதும் துலியோவால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, ஒரே ஒரு பாட்டு வாசிங்களேன்" என்றார். ஓபர்தி என்னைக் கண்ணாடியில் பார்த்து, 'சொன்னேனே' என்பதுபோல் தலையை ஆட்டினார். நில்தா அவர் கையிலிருந்த சீட்டுக் கட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவரும் அவள் மடியிலிருந்த பட்டியலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. துறைமுகம் போகும்போது மணி நாலரை தாண்டிவிட்டது. நான் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பார்த்தேன்: நில்தா பெயர் படிக்க, ஓபர்தி சீட்டை நீட்ட, ஒவ்வொருவராகப் படியேறினார்கள். ஆதெலினா படியில் நின்று எனக்குக் கையசைத்தாள். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓபர்தி கடைசியாக ஏறினார்.

மறுநாள் மதியம் மெந்தோசாவுக்குத் திரும்பினேன். சுலேமா பஸ் நிலையத்தில், எங்கள் கம்பெனி கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவளை அங்கே நான் அதுவரை பார்த்ததில்லை.

"என்னாச்சு?"

"பியாசா சொல்லிட்டான். கப்பல் போகல, அதனால வேலைய விட்டு எடுக்கலையாம். ஆனா அந்தப் பக்கம் என் பேர் பதிவாயிடுச்சு. இனிமே எல்லை தாண்டி அனுப்ப மாட்டானாம். இங்கயே உக்காந்து சீட்டு கிழிக்கணும். சம்பளம் குறைவு."

"மரிசோல் படிப்பு?"

"ஞாயித்துக்கிழமையும் வரேன்னு சொல்லிட்டேன். சரிக்கட்டிடலாம்." குரலில் மாற்றம் எதுவும் இல்லை. கண் மட்டும் எனக்குப் பின்னால், அடுத்த பயணத்துக்குத் தயாராக நின்ற பஸ்ஸின் படியில் இருந்தது. அதில் புதிதாக ஒரு பையன் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். ஒருவர் பையையும் பார்க்கவில்லை. சுலேமா பல்லைக் கடித்தாள்.

"எல்லாரும் ஏறினாங்களா?" என்று கேட்டாள்.

"ஏறினாங்க."

"நீ பாத்தியா, இல்ல யாராவது சொன்னாங்களா?"

"பாத்தேன். கடைசி ஆள் வரைக்கும்."

"கப்பல் கிளம்பினதப் பாத்தியா?"

"இல்ல. பஸ்ஸ எடுக்கச் சொல்லிட்டாங்க."

"அப்ப ஏறினவங்க திரும்ப இறங்கியிருக்கலாமே" என்றாள் சுலேமா. துறைமுகத்து எண்ணைத் தேடித் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.